எஞ்சின் வாங்கப் பணம் அனுப்பும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. விஜயநகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள். கணவன் மனைவி இருவருக்கும் குளச்சல் பக்கம்தான் சொந்த ஊர். அவர் இங்கே ஒரு கம்பெனியில் வேலை. காபி குடித்து, பிள்ளைகள் படிப்பு, மைசூர் மழை எல்லாம் பேசி முடித்த பிறகு அந்தத் தங்கச்சி மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, எந்தம்பி வள்ளத்துக்குப் பெரிய எஞ்சின் ரெண்டு வாங்கணும்னு நிக்கான். இப்ப இருக்கது இழுக்கலன்னு சொல்லுதான். இவங்க பேர்ல பெர்சனல் லோன் போட்டு அனுப்பலாமா? வட்டி எவ்வளவு வரும்?"

பேங்க்கில் வேலை பார்ப்பவன் வீட்டுக்கு வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நான் வட்டியைச் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்: "இப்ப இருக்கிற எஞ்சின்ல என்ன புரொப்பல்லர் போட்டிருக்கான்? பிட்ச் எவ்வளவு?"

இரண்டு பேரும் முழித்தார்கள். தம்பிக்கே போன் போட்டோம். "எஞ்சினோட வந்ததுதான் கெடக்கு" என்றான்.

இந்தப் பதிவு அந்த ஒரு பதிலைப் பற்றித்தான். நம்மில் பலர் இங்கேயும், வளைகுடாவிலும், சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் கடலுக்குப் போகும் தம்பிக்கோ மச்சானுக்கோ எஞ்சின் வாங்கப் பணம் அனுப்புகிறோம். எத்தனை ஹெச்.பி., என்ன விலை என்று கேட்கிறோம். எஞ்சினின் சக்தியைத் தண்ணீரில் இறக்கும் அந்தச் சின்ன அலுமினியச் சாமானைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடன் கொடுக்கும் எங்கள் பேங்க்காரர்களும் கேட்பதில்லை. இது தப்பு என்பது என் கட்சி. நானே இந்தத் தப்பைச் செய்து பணம் கட்டியவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். கடலோரத்தில் பிறந்தவன்தான், ஆனால் கடலுக்குப் போனவன் இல்லை. விஜயநகரிலிருந்து மங்களூர்க் கடல் 250 கிலோமீட்டர் இருக்கும். இவன் யார் புரொப்பல்லரைப் பற்றிப் பேச என்று நினைக்கிறவர்கள், கொஞ்சம் பொறுத்து முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகன் இதே மாதிரி போன் செய்தான். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே எங்கள் ஊர். அவனிடம் 28 அடி ஃபைபர் வள்ளம், 9.9 ஹெச்.பி. அவுட்போர்டு ஒன்று. இரண்டாவது எஞ்சின் வேண்டும் என்றான். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று கரை சேர்க்கும், இரண்டையும் ஓட்டினால் ஏலத்துக்கு முன்னால் வந்துவிடலாம் என்று இரண்டு காரணம் சொன்னான்.

முதல் காரணத்துக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்துக் கடலில் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் யாரும், ஒற்றை எஞ்சின் போதும் என்று சொல்ல மாட்டார்கள். என் பேரில் கடன் போட்டு அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்துச் சித்தியிடமிருந்து போன். "மக்கா, எண்ணெய்க்கே எல்லாம் போவுது. எஞ்சின் ரெண்டாச்சு, பங்கு கொறஞ்சு போச்சு." அவன் வந்து லைனில் நின்றான். "அண்ணே, ரெண்டையும் முழுசா திருகினாலும் பெருசா வேகம் ஏறல. இத வித்துட்டு 25 ஹெச்.பி. ரெண்டு எடுத்தா சரியாயிரும்."

அதாவது முதல் கடன் முடியவில்லை, அடுத்த கடனுக்கு அடி போடுகிறான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு மடங்கு சக்தி கொடுத்தும் வேகம் ஏறவில்லை என்றால், ஐந்து மடங்கு கொடுத்தால் மட்டும் எப்படி ஏறும்? படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததை அந்தத் தங்கச்சிக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

புரொப்பல்லரில் இரண்டு அளவு இருக்கும். ஒன்று விட்டம். இன்னொன்று பிட்ச். இரண்டும் அங்குலத்தில். திருகாணி மரத்துக்குள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே போகும். அதே மாதிரி புரொப்பல்லர் ஒரு சுற்றில், நழுவல் ஏதும் இல்லாவிட்டால், எத்தனை அங்குலம் முன்னேற வேண்டுமோ அதுதான் பிட்ச். 9 பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம். தண்ணீர் மரம் இல்லையே, நழுவும். கணக்குப்படி வர வேண்டிய வேகத்துக்கும் உண்மையில் வருகிற வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்லிப் என்கிறார்கள்.

இங்கே மைசூரில் இருப்பவர்களுக்குப் புரியும் மாதிரி சொன்னால், பிட்ச் என்பது கியர். ஸ்கூட்டரில் பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு சாமுண்டி பெட்டா ஏறுகிறீர்கள். டாப் கியரிலேயே ஏறினால் என்ன ஆகும்? வண்டி உறுமும், நடுங்கும், ஏறாது. முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் எஞ்சின் சுற்றாது. பெட்ரோல் மட்டும் போகும். கியரைக் குறைத்தால் அதே எஞ்சின் ஏறிவிடும். அவுட்போர்டு மோட்டாரில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு கியர்தான். இடையில் மாற்ற வழி கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் புரொப்பல்லரைத்தான் கழற்றி மாற்ற வேண்டும்.

எஞ்சினோடு வரும் புரொப்பல்லரை யாரை நினைத்துப் போட்டு அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும் இலேசான படகை நினைத்து. நம் வள்ளத்தில் நாலைந்து ஆள், வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், திரும்பும்போது மீன். அது மேட்டில் ஏறுகிற ஸ்கூட்டர். அதற்கு பிட்ச் குறைந்த புரொப்பல்லர் வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் இடம் கொடுத்தால் விட்டம் கொஞ்சம் கூடியது இன்னும் நல்லது.

சரியா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு எஞ்சினின் கையேட்டிலும் முழு திராட்டிலில் எத்தனை ஆர்.பி.எம். சுற்ற வேண்டும் என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். வழக்கமான பாரத்தோடு முழுசாகத் திருகும்போது எஞ்சின் அந்த எல்லைக்குள் வர வேண்டும். கீழே நின்றால் புரொப்பல்லர் பாரம் அதிகம். எஞ்சின் முக்குகிறது என்று அர்த்தம். கரி படியும், சூடேறும், பிஸ்டன் சீக்கிரம் போகும். எல்லைக்கு மேலே போனால் பிட்ச் போதவில்லை, எஞ்சின் வெறுமனே பறக்கிறது. பெரிய மோட்டார்களில் ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும் என்பது பொதுவான கணக்கு. சின்ன மோட்டாரில் ஓர் அங்குலம் என்பதே பெரிய விகிதம் என்பதால் இன்னும் கூடவே ஏறலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேலி. நீர்மட்டத்தில் படகு எத்தனை அடி நீளமோ அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ அந்த வேகம் வரைக்கும்தான் சுலபமாகப் போகும். நீர்மட்டத்தில் 25 அடி என்றால் வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட். நம் வள்ளம் நீண்டு ஒடுங்கி இருப்பதால் இதைக் கொஞ்சம் மீறும். ஆனால் அதற்கு மேல் ஒவ்வொரு அரை நாட்டுக்கும் கொடுக்கும் விலை கடுமையானது. தேவைப்படும் சக்தி, தோராயமாக வேகத்தின் மும்மடி. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் சக்தி 27 சதவீதம் குறைகிறது. மாறாக, சக்தியை இரட்டிப்பாக்கினால் வேகம் 26 சதவீதம்தான் கூடும். அதுவும் வேலிக்கு இந்தப்பக்கம் இருக்கும்வரைதான். என் தம்பியின் இரண்டாவது எஞ்சின் ஏன் "பெருசா வேகம்" கொடுக்கவில்லை என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனபோது ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி வைத்தால் ஆர்.பி.எம். காட்டும் சின்ன டாகோமீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வேகத்துக்குச் செல்போன் ஜி.பி.எஸ். போதும். காற்றில்லாத ஒரு காலையில், வழக்கமாக எடுத்துப்போகும் பாரத்தை அப்படியே ஏற்றி, நீரோட்டத்தின் கணக்கு அடிபட்டுப் போகட்டும் என்று போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அளந்து சராசரி எடுத்தோம். "பேங்க்காரரு கடலை ஆடிட் பண்ண வந்துருக்காரு" என்று கரையில் ஒரே கிண்டல்.

எஞ்சினோடு வந்த 9 பிட்ச் புரொப்பல்லரில், இரண்டு எஞ்சினும் முழு திராட்டிலில் 4200 ஆர்.பி.எம். கையேட்டில் போட்டிருந்தது 4500 முதல் 5500 வரை. வேகம் 7.1 நாட். கியர்பெட்டியில் சுற்று பாதியாகக் குறைகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 15.5 நாட் வந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் நழுவல்! ஒன்றைத் தூக்கிவிட்டு ஒரே எஞ்சினில் ஓட்டினோம். 3700-ல் நின்று முக்கியது. ஆபத்துக்கு உதவும் என்று வாங்கிய ஏற்பாடு, ஆபத்து நேரத்தில் தனியாக இழுக்க வேண்டிய எஞ்சினைத்தான் அதிகம் திணறடிக்கிறது.

இரண்டு நாள் அலைந்து 7 பிட்ச் புரொப்பல்லர் இரண்டு வாங்கிப் போட்டோம். அதே பாரம். 4800 ஆர்.பி.எம்., 7.6 நாட். நழுவல் 54 சதவீதத்திலிருந்து 45-க்கு இறங்கியது. ஒற்றை எஞ்சினில் 4400, 5.8 நாட். அவனுக்குப் பிடித்தது இந்த எண்கள் எதுவும் இல்லை. "அண்ணே, திருகுன ஒடனே எடுக்குது பாருங்க" என்றான். அலை முறியும் இடத்தைக் கடக்கிறவனுக்கு அதுதான் உயிர். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து ஆள் போன செய்திகளை எத்தனை தடவை படித்திருக்கிறோம். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே கிடைக்கும் சில நொடியில் எஞ்சின் சட்டென்று எடுக்க வேண்டும். அங்கே போய் டாப் கியரில் உறுமிக்கொண்டு நின்றால்?

இன்னொன்றையும் கவனித்தோம். இரண்டாவது எஞ்சின் முதல் எஞ்சினைவிடத் தாழ்வாக மாட்டப்பட்டிருந்தது. புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்குமே, அது வள்ளத்தின் அடிப்பலகை மட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் முன்பின்னாகவோ இருக்க வேண்டும். படகின் அடிப்பாகம் கூராக இருந்தால் நடுவில்தான் ஆழம் அதிகம். இரட்டை எஞ்சின் போடும்போது இரண்டும் நடுவிலிருந்து விலகி நிற்கின்றன. அங்கே அடிப்பலகை மேலே ஏறியிருக்கும், அதனால் எஞ்சினையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். இல்லையென்றால் எஞ்சினின் கால் தேவையில்லாமல் தண்ணீரை உழுதுகொண்டு போகும். ரொம்பவும் உயர்த்திவிட்டால் படகு ஆடும்போது புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். அலையில் போகும் வள்ளம் என்பதால், பந்தயப் படகு மாதிரி இல்லாமல் கொஞ்சம் ஆழமாகவே விடுவது நல்லது. ஒரு மரக்கட்டை வைத்து ஒன்றரை அங்குலம் தூக்கினோம். செலவு, ஒரு டீக்காசு.

பந்தயப் படகு என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 நவம்பரில் ஆந்திராவில் அமராவதிக்குப் பக்கத்தில் கிருஷ்ணா நதியில் ஃபார்முலா ஒன் படகுப் போட்டி நடந்தது. அந்த உலகத்தில் தண்ணீரும் காற்றும் மாறினால் புரொப்பல்லரை மாற்றுவார்கள். வெளிநாடுகளில் சும்மா பொழுதுபோக்குக்கு இரட்டை அவுட்போர்டு வேகப்படகு வைத்திருப்பவர்களும் இதே கதைதான். எஞ்சினை முக்கால் அங்குலம் ஏற்றிப் பார்ப்பார்கள், இறக்கிப் பார்ப்பார்கள். ஒரு புரொப்பல்லர் வலமாகவும் இன்னொன்று இடமாகவும் சுற்றும்படி போட்டு, படகு ஒரு பக்கம் இழுக்காமல் சமன் செய்வார்கள். இரண்டு எஞ்சினின் ஆர்.பி.எம்.மும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நழுவலைப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் கொண்டுவரும்வரை விட மாட்டார்கள். பாரம் சுமக்கும் நம் வள்ளத்துக்கு அந்தப் பத்துப் பதினைந்து வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் விளையாட்டுக்கு அத்தனை பார்க்கிறார்கள், பிழைப்புக்கு ஓடும் வள்ளத்துக்கு "எஞ்சினோட வந்ததுதான்" என்று விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். அதுதானே என் தொழில்!

புது புரொப்பல்லர் போட்ட பிறகு அவன் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றினான். போகும்போது அவசரம் இல்லை. ஒரு எஞ்சின் மட்டும் ஓடும். மற்றதைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுவான், தொங்கவிட்டால் அது பிரேக் மாதிரி இழுக்கும். ஏலத்துக்குத் திரும்பும்போது இரண்டும் ஓடும், ஆனால் கடைசி வரை திருகுவதில்லை. ஒரு நாளைக்கு 28 லிட்டர் எரித்தவன் இப்போது 22 எரிக்கிறான். நேர்மையாகச் சொன்னால், இந்த மிச்சத்தில் பெரும் பங்கு வேகத்தைக் குறைத்ததால் வந்தது. புரொப்பல்லர் மாற்றியது, எஞ்சின் திணறாமல் அப்படி ஓட்ட வழி செய்தது.

நாளைக்கு 6 லிட்டர். வருடத்துக்கு 200 நாள் கடலுக்குப் போனால் 1200 லிட்டர். லிட்டர் 80 ரூபாய் என்று வைத்தால் 96,000 ரூபாய் (விலையை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்). இரண்டு புரொப்பல்லருக்கும் சேர்த்துக் கொடுத்தது என் ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. இப்படி முதலைத் திருப்பிக் கொடுக்கும் செலவை என் சர்வீஸில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் 25 ஹெச்.பி. இரண்டு வாங்கியிருந்தால்? புதுக் கடன், அதற்கு வட்டி, பின்பக்கம் கூடிய எடை, அதைவிடப் பெரிய எண்ணெய்ச் செலவு. வேகம் கொஞ்சம் கூடியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அந்த வேகத்தை ஏலத்தில் விற்றுக் காசாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இதில் புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதெல்லாம் நம் கரையிலேயே நாற்பது வருடமாகப் பேசப்படும் சங்கதி. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையை மையமாக வைத்து 1979-ல் தொடங்கியது. சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி அங்கிருந்து 1980-களிலேயே எழுதிவிட்டார்கள். அந்த அமைப்பு 2012-ல் சிறு மீன்பிடிப் படகுகளுக்கான எரிபொருள் சிக்கனக் கையேடு என்றே ஒன்று போட்டது. படங்களோடு, என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கும் புரிகிற மாதிரி. எங்கள் முட்டத்திலேயே படகு கட்டும் கூடம் இருந்தது. 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகும் கட்டியது, அவுட்போர்டு சர்வீஸும் செய்தது. விஷயம் தெரிந்தவர்கள் நம் நடுவிலேயே இருந்திருக்கிறார்கள். ஆனால் பணம் போகும் பாதையில் அந்த விஷயம் நுழையவே இல்லை.

பணம் போகும் பாதை என்றால் என்ன? எங்கள் பக்கத்தை நானே சொல்கிறேன். எஞ்சின் கடனுக்கு ஒரு விண்ணப்பம் வந்தால் கொட்டேஷன் கேட்போம். படகுப் பதிவு, இன்ஷூரன்ஸ், ஜாமீன் பார்ப்போம். குதிரைத்திறன் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும், நிரப்புவோம். அந்த எஞ்சின் அந்த வள்ளத்துக்குப் பொருந்துகிறதா என்று கேட்க ஒரு கட்டமும் கிடையாது. 2018-19 பட்ஜெட்டில் கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் நீட்டினார்கள், நல்ல விஷயம். அதில் எண்ணெய் வாங்கக் கடன் கிடைக்கும். 2020-ல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா 20,050 கோடி ரூபாய் மதிப்பில் வந்தது. அதுவும் நல்ல விஷயம். எஞ்சினுக்குக் கடன், எண்ணெய்க்குக் கடன், மண்ணெண்ணெய்க்கு மானியம். எரிக்கிறதற்கு எல்லா வழியும் இருக்கிறது, எரிக்காமல் இருக்க உதவும் இரண்டு புரொப்பல்லருக்கு ஒரு வழியும் நான் பார்க்கவில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எல்லாம் இல்லை. எஞ்சினுக்குக் கடனோ மானியமோ கொடுக்கும்போது, பாரத்தோடு ஓட்டிப் பார்த்து ஆர்.பி.எம். குறித்த ஒரு துண்டுச் சீட்டைச் சேர்த்து வாங்குங்கள். கடன் தொகையிலேயே ஒரு மாற்றுப் புரொப்பல்லரையும் டாகோமீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் மீனவர் சங்கத்தில் வேறு வேறு பிட்ச்சில் நாலைந்து புரொப்பல்லர் வாங்கி வைத்து, போட்டுப் பார்த்து முடிவு செய்ய இரவல் கொடுங்கள். ஊர்க் கோவிலுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு சேர்த்து எத்தனையோ செய்கிறோம். ஒரு துறைக்கு ஐந்து புரொப்பல்லர் வாங்கிக் கொடுக்க முடியாதா?

எதிர்ப்பேச்சும் கேட்டிருக்கிறேன். "கடலுக்குப் போறவனுக்குத் தெரியாததா மைசூர்ல உக்காந்திருக்க உனக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. அவனுக்குத் தெரியும். என் தம்பி எஞ்சின் சத்தத்தை வைத்தே அது முக்குகிறது என்று சொல்கிறவன். சிலர் பிளேடு நுனியை அரத்தால் ராவி விட்டத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள், அதாவது நோய் எது என்று சரியாகவே பிடித்திருக்கிறார்கள். ஆனால் கடையில் ஒரே அளவு புரொப்பல்லர்தான் தொங்குகிறது. வேறு அளவு வாங்கிப் போட்டு, சரிவராவிட்டால் காசு போனது போனதுதான். நாளைக்கு எண்ணெய்க்கே கைமாற்று வாங்குகிறவன் அந்தச் சூதாட்டத்துக்கு எப்படி வருவான்? அறிவு அவனிடம் இருக்கிறது. பரிசோதனை செய்து பார்க்கிற பணம் அவனிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

இன்னொருவர் கேட்டார், "முதலில் கரை சேர்ந்தவனுக்குத்தானே ஏலத்தில் விலை?" உண்மைதான். அதனால்தான் திரும்பும்போது இரண்டும் ஓடட்டும் என்கிறேன். ஆனால் ஊரே எஞ்சினைப் பெரிதாக்கினால் யாரும் யாரையும் முந்தப் போவதில்லை. எல்லாரும் அதே வரிசையில், கூடுதல் கடனோடு வந்து சேர்வார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதி முடிக்கிறேன். ஊரிலிருந்து எஞ்சினுக்குப் பணம் கேட்டு போன் வந்தால், இல்லை என்று சொல்ல வேண்டாம். கேட்கிறவன் நம் ரத்தம், அவன் போகிற இடம் கடல். ஆனால் அனுப்பும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இப்போது இருக்கிற புரொப்பல்லரின் விட்டம், பிட்ச் என்ன? வழக்கமான பாரத்தோடு முழு திராட்டிலில் எத்தனை ஆர்.பி.எம். வருகிறது, கையேட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது? ஒரே எஞ்சினில் ஓட்டினால் எடுக்கிறதா? தகடு அடிப்பலகை மட்டத்தில் இருக்கிறதா? இதற்குப் பதில் வந்த பிறகும் பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்றால், சந்தோஷமாக அனுப்புங்கள்.

அவர்கள் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். தம்பிக்கு முதலில் கொஞ்சம் கோபம். "பணம் குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லுங்க" என்றானாம். நேற்று அவனே கூப்பிட்டு, "அந்த மீட்டர் எங்க கிடைக்கும்னு பேங்க் அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றிருக்கிறான். என்னுடையதை இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன்.

உங்கள் ஊரில் வள்ளத்துக்கு என்ன பிட்ச் போடுகிறார்கள், எப்படி இழுக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்து கேட்கிறவர்களுக்கு உதவும்.